செல்ஃப் கிளீன்: ஒரு கெமிஸ்ட்ரி டீச்சரின் ஒப்புதல்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

நேற்று டெக்சாஸிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி மெசஞ்சரில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். புதிதாக வீடு வாங்கியிருக்கிறாள். முன்பு அங்கே இருந்தவர்கள் ஓவனை அலங்கோலமாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். "டீச்சர், இதுல செல்ஃப் கிளீன்னு ஒரு பட்டன் இருக்கு. போடலாமா? கெமிஸ்ட்ரி டீச்சர்கிட்ட கேட்டா சரியா இருக்கும்னு தோணுச்சு" என்று எழுதியிருந்தாள்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "இப்போதைக்கு அதைத் தொடாதே. விவரமாக எழுதுகிறேன்" என்று மட்டும் பதில் போட்டேன். அவளுக்குத் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் உங்களில் நிறையப் பேர் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறீர்கள். உங்கள் அப்பா அம்மா ஆறு மாத விசாவில் வந்து, சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் உங்கள் அடுப்படியில் கை வைக்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன். மகள் குடும்பத்தைத் தவிர யாரிடமும் இதுவரை சொல்லாத விஷயம் இது. மதுரையில் என் நாத்தனார் இதைப் படித்ததும் போன் பண்ணுவார். பண்ணட்டும்.

2023 பிப்ரவரி. நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். வாடகை அபார்ட்மெண்ட். மாதக் கடைசியில் அவர்கள் சொந்த வீட்டுக்குப் போவதாக இருந்தது. அங்கெல்லாம் வீட்டைக் காலி செய்யும்போது ஒரு பட்டியல் கொடுத்துவிடுவார்கள். சுவரில் ஆணி ஓட்டை இருந்தால் இவ்வளவு, கார்ப்பெட்டில் கறை இருந்தால் இவ்வளவு, ஓவன் அழுக்காக இருந்தால் இவ்வளவு என்று டெபாசிட்டில் கழித்துக்கொள்வார்கள். மகள் அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். தினமும் என் கண்ணில் படும்.

நம் ஆட்கள் வீட்டில் ஓவன் என்பது பாதி நாள் பாத்திர அலமாரிதானே? இட்லிக் கொப்பரை, இரும்பு தோசைக்கல், பெரிய வாணலி எல்லாம் அதற்குள்தான் இருக்கும். மீதி நாளில் மாப்பிள்ளை கோழிக்கால் சுடுவார், பேத்தி கப் கேக் செய்வாள், நான்கூட வேர்க்கடலை வறுத்திருக்கிறேன். மூன்று வருட எண்ணெயும் சீஸும் உள்ளே படிந்து தார் ரோடு மாதிரி இருந்தது.

அன்று பனி கொட்டியதால் பள்ளிக்கூடம் லீவு. மகள் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை வெளியூரில். வீட்டில் நானும் ஒன்பது வயதுப் பேத்தியும் அவளுடைய இரண்டு குருவிகளும். குருவி என்றால், நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பார்களே, அந்தச் சின்னக் கிளிகள். பச்சைக்கு 'மிளகாய்' என்றும், நீலமும் வெள்ளையுமாக இருந்ததற்கு 'மேகம்' என்றும் பேர் வைத்திருந்தாள். கூண்டு ஹாலில் இருக்கும். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் சுவர் கிடையாது.

மகள் வருவதற்குள் ஓவனைப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. பாத்திரங்களை எல்லாம் வெளியே எடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். கம்பித் தட்டுகள் இரண்டும் அப்படியே இருந்தன, அடியில் கறுப்பாக இருந்தது. எல்லாம் அழுக்கு, தானே எரியட்டும் என்று கதவை மூடி அந்தப் பட்டனை அழுத்தினேன். 'டக்' என்று பூட்டு விழுந்தது. நான்கு மணி நேரம் என்று காட்டியது. எவ்வளவு சுலபம் என்று நினைத்துக்கொண்டு சட்னிக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். முதலில் ஒரு கசப்பான வாடை. அப்புறம் ஓவனுக்கு மேலே, பின் பர்னருக்குப் பக்கத்தில் உள்ள துவாரத்திலிருந்து புகை. கண் எரிந்தது. பேத்தி இரும ஆரம்பித்தாள். அடுப்புக்கு மேலிருந்த மைக்ரோவேவின் விசிறியைப் போட்டேன். அந்த வீட்டு விசிறி காற்றை வெளியே தள்ளும் விசிறி அல்ல, ஒரு வடிகட்டி வழியாக இழுத்து மைக்ரோவேவின் நெற்றி வழியாக நம் முகத்துக்கே திருப்பி அனுப்பும் விசிறி என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். உங்கள் வீட்டில் எந்த வகை என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புகை அலாரம் கத்த ஆரம்பித்தது. கேன்சல் அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. சூடு தணிந்த பிறகுதான் திறக்கும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அதுதான் நல்லது. எனக்கு அப்போது அது தெரியாது. கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாச்சி, மேகம் கீழ விழுந்துடுச்சு" என்று குரல் கேட்டது.

கூண்டின் தரையில் கிடந்தது. மிளகாய் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாயைத் திறந்து, வால் மேலும் கீழும் ஆட மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வெளியே வைக்கலாம் என்றால் உறைபனிக் குளிர். கூண்டைத் தூக்கிக்கொண்டு பேத்தியோடு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே ஒரு பஞ்சாபி அம்மா. எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. கூண்டைப் பார்த்ததும் பிள்ளையையும் கூண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டார். நான் திரும்பி ஓடி, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு அந்தக் குளிரில் நின்றேன். மேகத்துக்கு ஒன்றும் செய்ய நேரமிருக்கவில்லை. எதிர் வீட்டிலேயே அது போய்விட்டது.

சாயங்காலம் ரோட்டில் பனியை வழித்த பிறகுதான் மிளகாயை மருத்துவரிடம் கொண்டுபோக முடிந்தது. மகள் நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஓவனுக்குள் நான்ஸ்டிக் பொருள் ஏதாவது இருந்ததா?" இல்லை, எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துவிட்டேன் என்று அடித்துச் சொன்னேன். மகள்தான் திடீரென்று நெற்றியில் கையை வைத்தாள். "அம்மா, அந்த மேட்?"

எண்ணெய் சிந்தினால் துடைக்க வசதியாக இருக்கட்டும் என்று மாப்பிள்ளை என்றைக்கோ வாங்கி ஓவனின் அடியில் விரித்திருந்த கறுப்பு விரிப்பு. ஓவனின் உள்பக்கமும் கறுப்பு, விரிப்பும் கறுப்பு, மேலே படிந்ததும் கறுப்பு. அதை நான் ஓவனின் தரை என்றே நினைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து ஆறிப்போன ஓவனைத் திறந்தபோது அது சுருண்டு, வெளிறி, தொட்டால் உதிரும் நிலையில் கிடந்தது. கண்ணாடி இழைத் துணி மட்டும்தான் மிச்சம். அதன்மேல் இருந்த பூச்சு முழுவதும் நாங்கள் சுவாசித்த காற்றில் போயிருந்தது.

அந்தப் பூச்சின் பெயர் பாலிடெட்ராஃப்ளூரோ எத்திலீன். பிளஸ் டூ படித்தவர்கள் இப்போது என்னைத் திட்டலாம். 'டெஃப்லானின் பண்புகளையும் பயன்களையும் எழுதுக.' எத்தனை தடவை இந்தக் கேள்வியைக் கொடுத்து உங்களை எழுத வைத்திருக்கிறேன்! வெப்பத்தைத் தாங்கும், வேதிப்பொருட்களால் பாதிக்கப்படாது, ஒட்டாத பாத்திரம் செய்யப் பயன்படும். எழுதினால் முழு மதிப்பெண். வெப்பத்தைத் தாங்கும் என்றால் எதுவரை தாங்கும் என்று 31 வருடத்தில் நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. நீங்களும் யாரும் எழுந்து கேட்டதில்லை, சரி, அது உங்கள் தப்பு இல்லை.

ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் வரைதான் அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் சிதைய ஆரம்பிக்கும், 350-ஐத் தாண்டினால் வேகமாகச் சிதையும். வரும் வாயுக்களில் ஃப்ளூரின் சேர்ந்த நச்சுச் சேர்மங்கள் இருக்கும். செல்ஃப் கிளீன் போட்டால் ஓவன் போகும் வெப்பநிலை சுமார் 430-இலிருந்து 480 டிகிரி. கணக்கு அவ்வளவுதான்.

பறவைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்? அவற்றின் நுரையீரலோடு காற்றறைகள் இணைந்திருக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியாக ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும். பறப்பதற்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும், அதற்கான ஏற்பாடு. நல்ல காற்றை எவ்வளவு நன்றாக எடுக்குமோ, கெட்ட காற்றையும் அதே அளவுக்கு எடுத்துக்கொள்ளும். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரி பறவையைக் கொண்டுபோனார்கள் என்று நான் வகுப்பில் கதை சொன்னது சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

அன்றிரவு எனக்கும் குளிர்காய்ச்சல் மாதிரி வந்து உடம்பு உதறியது, நெஞ்சு இறுக்கமாக இருந்தது. இந்தப் புகையைச் சுவாசித்த மனிதர்களுக்குச் சில மணி நேரம் கழித்து அப்படி வருமாம். மறுநாள் சரியாகிவிட்டது. பேத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள்தான் படுக்கையில் என் பக்கம் திரும்பி, கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்: "அம்மாச்சி, நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர்தானே? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்டா. யோசிக்கலை" என்றேன்.

சரி, இனி செய்முறை வகுப்பு.

செல்ஃப் கிளீன் என்றால் தேய்த்துக் கழுவுவது இல்லை, எரிப்பது. 1963-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி இந்த வகை ஓவனை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே பீங்கான் எனாமல் பூச்சு இருப்பதால் அந்தச் சூட்டைத் தாங்கும். படிந்திருக்கும் எண்ணெயும் கொழுப்பும் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் போய், கடைசியில் ஒரு பிடி சாம்பல் மிஞ்சும். முழுமையாக எரிந்தால் அப்படி. அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது. கொழுப்பில் இருக்கும் கிளிசரால் சிதைந்து அக்ரோலின் வரும். அப்பளம் பொரிக்கிற எண்ணெய் புகைந்தால் கண் எரிகிறதே, அதுதான். உள்ளே அழுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவு புகை. ஆகவே ரொம்ப அழுக்கான ஓவனுக்குத்தான் இந்தப் பட்டன் என்று நாம் நினைப்பது தலைகீழ். முதலில் கையால் முடிந்த மட்டும் சுரண்டித் துடைத்து எடுத்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் இது.

போட்டே ஆகவேண்டும் என்றால், முதலில் உள்ளே இருக்கும் எல்லாம் வெளியே வர வேண்டும். பாத்திரம், அலுமினியத் தாள், வெப்பமானி, விரிப்பு. அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். கீழே இழுப்பறை இருந்தால் அதில் இருக்கும் நான்ஸ்டிக் தட்டுகளையும் எடுத்துவிடுங்கள். கம்பித் தட்டுகளையும் எடுக்க வேண்டும். குரோமியம் பூசிய தட்டு அந்தச் சூட்டில் நிறம் மங்கி, பிறகு இழுத்தால் வராமல் முரண்டு பிடிக்கும். சில ஓவன்களில் தட்டுக்கும் எனாமல் பூசியிருப்பார்கள். அது உள்ளேயே இருக்கலாமா என்பதைக் கையேட்டில் பாருங்கள். கதவைச் சுற்றிக் கயிறு மாதிரி ஒரு பட்டை இருக்கும். அதைத் தேய்க்கவோ நனைக்கவோ கூடாது. சூட்டை உள்ளேயே வைத்திருப்பது அதுதான். அந்தப் பட்டைக்கு வெளிப்பக்கம் இருக்கும் விளிம்பை மட்டும் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள், அங்கே ஓவனின் சூடு எட்டாது, எண்ணெய் கருகி நிரந்தரமாகிவிடும். கடையில் விற்கும் ஓவன் கிளீனர் ஸ்பிரேயை இந்த ஓவனுக்குள் அடிக்காதீர்கள். பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும். மிச்சம் ஒட்டியிருந்து அந்தச் சூட்டுக்குப் போனால் எனாமலும் கெடும், நெடியும் வரும்.

ஜன்னலைத் திறந்து வைக்க முடிகிற நாளில் போடுங்கள். பிப்ரவரி பனியில் வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த நேரம் வெளியே போய்விட்டு வரட்டும், ஆனால் பெரியவர் ஒருவர் வீட்டில் விழித்திருக்க வேண்டும். போட்டுவிட்டுத் தூங்கவோ கடைக்குப் போகவோ கூடாது. பறவை இருந்தால் பக்கத்து அறைக்கு இல்லை, வேறு வீட்டுக்கு. வாடை முழுதும் போன பிறகுதான் திரும்பக் கொண்டுவர வேண்டும். உள்ளே தீ தெரிந்தால் என்னைப் போல் கதவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அணைத்துவிட்டுக் கதவு மூடியபடியே இருக்கட்டும், காற்றில்லாமல் தானே அடங்கும். அடங்கவில்லை என்றால் எல்லோரும் வெளியே, 911. முடிந்து ஆறியபின் சாம்பலை ஈரத்துணியால் வழித்தால் போதும்.

இன்னொன்று. விருந்துக்கு முந்தின நாள் போடவே போடாதீர்கள். அந்தச் சூட்டில் சில சமயம் பாதுகாப்பு ஃப்யூஸ் போய்விடும். அப்புறம் சுத்தமான ஓவன் இருக்கும், சூடாகாது.

ஆனால் நீங்கள் என்ன செய்வீர்கள் டீச்சர் என்று கேட்டால், நான் அந்தப் பட்டன் பக்கமே போகமாட்டேன். அன்று ராத்திரி சாப்பிடாமல் நானும் மகளும் செய்ததைத்தான் செய்வேன். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் தோசை மாவை விடக் கெட்டியாகக் குழைத்து, சூடாக்கும் கம்பியிலும் கதவுப் பட்டையிலும் படாமல் உள்ளே பூசி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஓவன் நன்றாக ஆறியிருக்க வேண்டும், மின்சாரத்தையும் நிறுத்திவிடுங்கள். சோடா மெல்லிய காரம். எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கும், அவசரப்படாது. காலையில் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்து, ஈரத்துணியால் நாலைந்து தடவை துடைக்க வேண்டும். வெள்ளையாக நிற்கும் சோடாவின் மேல் மட்டும் கொஞ்சம் வினிகர் தெளித்தால் நுரைத்துக்கொண்டு வந்துவிடும். யூடியூபில் சிலர் சோடாவையும் வினிகரையும் முதலிலேயே ஒரு கிண்ணத்தில் கலக்குகிறார்கள். பார்க்கும்போது கை பரபரக்கிறது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிட்டால் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைசல். அதை வைத்து என்ன தேய்ப்பது? பத்தாம் வகுப்பில் எதற்காகப் படித்தோம்?

கம்பித் தட்டுகளைக் குளியல் தொட்டியில் பழைய துண்டை விரித்து, வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டு ஊற வையுங்கள். துண்டு போடாவிட்டால் தொட்டியில் கீறல் விழும், அதற்கும் அந்தப் பட்டியலில் ஒரு தொகை இருக்கும்! காய்ந்ததும் ஓரத்தில் துளி எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். அழுக்கு லேசாக இருந்தால், 'ஸ்டீம் கிளீன்' வசதி உள்ள ஓவனில் கையேட்டில் சொன்ன அளவு தண்ணீர் ஊற்றி அதைப் போடலாம். அது சுமார் 120 டிகிரிதான், பயமில்லை.

அந்த ஓவனுக்காக வீட்டுக்காரர் டெபாசிட்டில் ஒரு டாலர்கூடப் பிடிக்கவில்லை. மகள் அதைச் சொன்னபோது யாரும் சந்தோஷப்படவில்லை.

நம்மூரில் சின்ன ஓடிஜி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டன் தொல்லை இல்லை. ஆனால் அடுப்படிக்குப் பக்கத்தில் லவ் பேர்ட்ஸ் கூண்டு தொங்கும் வீடுகளை நான் மதுரையிலும் விருதுநகரிலும் பார்த்திருக்கிறேன். நான்ஸ்டிக் தவாவை வெறுமனே பெரிய தீயில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனால், சில நிமிடத்தில் அதுவும் அந்தச் சூட்டுக்குப் போய்விடும். கூண்டை இடம் மாற்றுங்கள். தவாவையும் மாற்றினால் இன்னும் நல்லது.

மிளகாய் பிழைத்துக்கொண்டது. ஒரு மாதம் கத்தவே இல்லை. இப்போது புது வீட்டில் மாடி அறையில் இருக்கிறது. துணைக்கு இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். பேத்தி வேண்டாம் என்கிறாள். வீடியோ காலில் பேசும்போது கூண்டுப் பக்கம் போனைத் திருப்பிக் காட்டுவாள், நானும் மிளகாயிடம் இரண்டு வார்த்தை பேசுவேன்.

டெக்சாஸ் மகளே, உனக்கு வருகிறேன். நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் ஒரே கறுப்பாக இருக்கிறது, வலது மூலையில் லேசாக மடங்கின மாதிரி ஒரு கோடு. அது நிழலா விரிப்பா என்று என் கண்ணாடியை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஓவன் ஆறியிருக்கும்போது அந்த மூலையில் நகத்தை விட்டுப் பார். தூக்கிக்கொண்டு வந்தால் உடனே எனக்குப் போன் பண்ணு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் எடுப்பேன்.